விளம்பரமா, வியாபாரமா, பிரச்சாரமா? திண்டுக்கல் சீமையில் ஒரு பழைய கணக்கு

எங்க ஊருக்குள்ள மைக் கட்டின ஆட்டோ வந்தா முதல்ல நாய்ங்க குரைக்கும், அப்புறம் சின்னப் பிள்ளைங்க ஓடும். ஆடி மாசம்னா திண்டுக்கல் ஜவுளிக்கடைத் தள்ளுபடி. எலெக்‌ஷன் வந்தா கட்சி வண்டி. மழைக்காலம் வந்தா டெங்கு கொசு பத்தி சுகாதாரத்துறை வண்டி. நடுவுல ஒரு குட்டியானையில வெங்காயம் நாலு கிலோ நூறு ரூபான்னு ஒருத்தர் ரெக்கார்டு போட்டுக்கிட்டே போவார். டீக்கடையில உக்காந்திருக்கிறவங்க எல்லாத்தையும் ஒரே சொல்லுல முடிச்சிருவாங்க: “எல்லாம் விளம்பரந்தாம்ப்பா.”

அப்படி ஒரே சொல்லில் முடிகிற சங்கதி இல்லை இது. விளம்பரம் வேற, மார்க்கெட்டிங் வேற, பிரச்சாரம் வேற. படித்தவர்கள் இதற்குப் புத்தகம் புத்தகமாக விளக்கம் வைத்திருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மூன்றுக்கும் நல்ல உதாரணம் திண்டுக்கல்லைச் சுற்றி இருபது மைலுக்குள்ளேயே நடந்து முடிந்திருக்கிறது. விவசாயிக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டியதற்கு ஒரு காரணமும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நாலாவதாக ஒன்றைத் தள்ளி வைத்துவிடலாம். அந்தக் காலத்துத் தமுக்கு, தண்டோரா. நாளைக்குக் கண்மாய் மடை திறக்கிறாங்க, திருவிழாவுக்குக் காப்புக் கட்டுறாங்க என்று சொல்லிக்கொண்டு போவது. அது எதையும் விற்கவில்லை, எதையும் நம்பச் சொல்லவும் இல்லை. அது அறிவிப்பு, அவ்வளவுதான். (அதை அடிக்கிற வேலையை ஊரில் எந்தச் சனத்தின் தலையில் கட்டினார்கள் என்பது தனிக்கதை. 2022-ல் தமிழக அரசே தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. நல்ல காரியம்.)

விளம்பரம் என்றால் சரக்குக்காரன் தன் காசைப் போட்டு, தன் பெயரைச் சொல்லி, “இதை வாங்கு” என்பது. யார் பேசுகிறான், எதற்குப் பேசுகிறான் என்பதில் ஒளிவுமறைவு கிடையாது. பொய் சொல்லலாம், மிகைப்படுத்தலாம், ஆனால் விற்க வந்திருக்கிறான் என்பது கேட்கிறவனுக்குத் தெரியும். அதனால் நாமும் பாதிக்குப் பாதி கழித்துக்கொண்டுதான் கேட்போம்.

திண்டுக்கல் பக்கம் இதைப் பழகிக்கொண்டது புகையிலையில். செம்மண்ணும் உப்புத்தண்ணிக் கிணறும் உள்ள இடத்தில் புகையிலை நன்றாக வரும். வேடசந்தூரில் மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை வைத்து, சீமைக்கு ஏற்றுமதி செய்தது. திண்டுக்கல் சுருட்டுன்னு பேச்செடுத்தாலே, சர்ச்சில் இதைத்தான் பிடிச்சார்னு ஒருத்தர் ஆரம்பிச்சிருவார். இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லும் கதை அது. திருச்சிக்காரர்கள் தங்கள் சுருட்டைத்தான் பிடித்தார் என்பார்கள். கதை நிஜமோ இல்லையோ, எந்தக் கம்பெனியும் காசு கொடுக்காமலே அது எண்பது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. விளம்பரத்துக்கு அதைவிட என்ன வேண்டும்?

புகையிலையே இன்னொரு பாடமும் சொல்லிக்கொடுக்கிறது. அமெரிக்காவில் எட்வர்டு பெர்னேஸ் என்று ஒரு ஆள், மனோதத்துவ மேதை ஃப்ராய்டின் மருமகன். 1928-ல் ‘பிரோபகாண்டா’ என்ற பெயரிலேயே புத்தகம் எழுதினார். மறு வருஷம், 1929-ல், நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் இளம்பெண்களை சிகரெட் பற்றவைத்துக்கொண்டு நடக்கவிட்டார். அந்தக் காலத்தில் அங்கே பெண்கள் தெருவில் புகை பிடித்தால் அசிங்கம். அந்த சிகரெட்டுக்கு ‘சுதந்திர தீபம்’ என்று பெயர் வைத்தார்கள். பத்திரிகைகள் இதைப் பெண் விடுதலைச் செய்தியாகப் போட்டன. பின்னால் காசு கொடுத்தது லக்கி ஸ்டிரைக் சிகரெட் கம்பெனி. “லக்கி ஸ்டிரைக் வாங்கு” என்று சொல்லியிருந்தால் அது விளம்பரம். சிகரெட்டை ஒளித்துவிட்டு சுதந்திரத்தை முன்னால் நிறுத்தியதும் அது பிரச்சாரமாகிவிட்டது. பேசுகிறவன் யார் என்று தெரியாமல் போவதுதான் முதல் அடையாளம்.

நம்ம ஊரில் 2003-ல் வந்த சட்டம் புகையிலை விளம்பரத்துக்குத் தடை போட்டது. 2009-லிருந்து பாக்கெட் மேல் எச்சரிக்கைப் படம் வந்தது. 2016-ல் அந்தப் படம் பாக்கெட்டில் 85 சதவீத இடத்தைப் பிடித்துக்கொண்டது. சொந்தச் சரக்கின் மேலேயே எதிர்ப் பிரச்சாரத்தை அச்சடித்து விற்க வேண்டிய நிலைமை. அந்த எதிர்ப் பிரச்சாரம் உண்மை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரச்சாரம் என்றாலே பொய் என்று நினைப்பவர்களுக்காக.

இந்த வார்த்தையில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலீஷ்காரனுக்கு ‘பிரோபகாண்டா’ என்றால் கெட்ட வார்த்தை, ஜெர்மனியில் 1933-ல் கோயபல்சுக்கு அந்தப் பெயரிலேயே ஒரு மந்திரிசபை இலாகா கொடுத்த பிறகு கேட்கவே வேண்டாம். நமக்கு அப்படி இல்லை. “பிரச்சாரத்துக்குப் போயிட்டு வர்றேன்” என்று வேட்பாளர் தைரியமாகச் சொல்லுவார். 1918-ல் காந்தி தொடங்கிவைத்த சபைக்குப் பெயரே தட்சிண பாரத இந்திப் பிரச்சார சபா. அந்த இந்தியை எதிர்த்தவர்களும் ஊர் ஊராகப் போய்ச் செய்தது பிரச்சாரம்தான்.

அந்த இங்கிலீஷ் வார்த்தையின் வேர் எங்கே போகிறது தெரியுமா? நம்ம தோட்டத்துக்குத்தான். 1622-ல் போப்பாண்டவர் வேதம் பரப்ப ஒரு சபை அமைத்து, அதன் லத்தீன் பெயரில் இந்தச் சொல்லைப் போட்டார். அதற்கும் முந்தி அந்த லத்தீன் சொல்லுக்கு அர்த்தம், கொடியை வளைத்து மண்ணில் புதைத்து வேர் பிடிக்க வைப்பது. அதாவது பதியன் போடுவது! மல்லிகைக்குப் பதியன் போட்டவர்களுக்குச் சட்டென்று புரியும். விதை வாங்க வேண்டாம், நாற்று வாங்க வேண்டாம். ஒரு கொப்பை வளைத்து மண்ணைத் தொட வைத்தால் போதும், அது தானாக வேர் விட்டுத் தனிச் செடியாகிவிடும். அப்புறம் அந்தச் செடியிலிருந்து இன்னொரு பதியன்.

விளம்பரம் ஒரு தடவை வாங்க வைத்துவிட்டுப் போய்விடும். பிரச்சாரம் கேட்டவனையே சொல்கிறவனாக ஆக்கும்.

இதற்கு 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலை விட நல்ல உதாரணம் உலகத்தில் தேடினாலும் கிடைக்காது. அப்போது நாம மதுரை ஜில்லா. தனி மாவட்டம் ஆனது 1985-ல்தான். திண்டுக்கல் தி.மு.க. எம்.பி. இறந்துபோனதால் இடைத்தேர்தல் வந்தது. எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து வெளியேற்றப்பட்டு, 1972 அக்டோபர் 17-ல் தனிக்கட்சி தொடங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஆளுங்கட்சியோ 1971-ல் 184 சட்டமன்ற இடங்களை ஜெயித்த கட்சி. போலீஸ், அதிகாரம், மந்திரிகள் எல்லாம் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் வேட்பாளர் மாயத்தேவர், ஒரு வக்கீல். சின்னமே கிடையாது. இருந்த சுயேச்சைச் சின்னங்களிலிருந்து இரட்டை இலையை எடுத்தார்கள். இன்றைக்கு வரைக்கும் தமிழ்நாட்டு அரசியலைப் பங்கு போடுகிற அந்த இலை முளைத்தது திண்டுக்கல் மண்ணில்தான்.

அந்தச் சின்னத்தின் சூட்சுமத்தைப் பாருங்கள். சுவரில் எழுதத் தெரியாதவனும் வரையலாம். ஒரு கோடு, இரண்டு பக்கமும் இரண்டு வளைவு. கரிக்கட்டை போதும். கையால் காட்டணும்னா ரெண்டு விரல் போதும். உதயசூரியனை வரைய மலை வேணும், கதிர் வேணும், கொஞ்சமாவது கை திருந்தியிருக்கணும். எங்க அப்பா அந்தத் தேர்தலைப் பற்றிப் பேசும்போது பேச்சாளர்களைப் பற்றி அதிகம் சொல்லமாட்டார். “மாட்டுத் தொழுவத்துச் செவுத்துல கூட எலை இருந்துச்சுடா, யாரு வரைஞ்சான்னே தெரியாது” என்பார். அந்த ‘யார் வரைந்தது என்றே தெரியாது’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விளம்பரம் என்றால் பெயிண்டருக்குக் கூலி கொடுக்கணும். பிரச்சாரம் பிடித்துவிட்டால் பெயிண்டர் தன் வீட்டுச் சுண்ணாம்பையும் நீலத்தையும் எடுத்துக்கொண்டு ராத்திரியில் வருவான்.

அதே மே மாதம் 11-ஆம் தேதி ‘உலகம் சுற்றும் வாலிபன்’ படம் வெளியானது. 20-ஆம் தேதி ஓட்டுப்பதிவு. படத்துக்குச் செய்தது விளம்பரம், கட்சிக்குச் செய்தது பிரச்சாரம் என்று கோடு கிழிக்க முடியுமா? சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் வாங்கினவன் காசு கொடுத்துப் பிரச்சாரம் பார்த்தான். சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போனவன் படத்துக்கு விளம்பரம் செய்தானா, கட்சிக்குச் செய்தானா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. முடிவு வந்தபோது மாயத்தேவருக்குச் சுமார் 2.6 லட்சம் ஓட்டு. ஸ்தாபன காங்கிரசின் சித்தன் ஒரு லட்சத்துக்கும் மேல் பின்தங்கி இரண்டாவது. ஆளுங்கட்சி மூன்றாவது.

இதில் யார் செய்தது சரி, யார் தப்பு என்று கட்சிக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஆளுங்கட்சி செய்ததும் பிரச்சாரம்தான், பதியன் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கொப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மண்ணில் ஈரம் வேண்டும். விலைவாசி, மதுக்கடை திறந்த கோபம் என்று அன்றைக்கு மண்ணில் ஈரம் இருந்தது.

மார்க்கெட்டிங்குக்கு வருவோம். இதுக்கு உதாரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், பிரியாணி. 1957-ல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் ஆரம்பித்த கடைக்கு வைத்த பெயர் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல். அவர் தலையில் தலப்பா கட்டியிருப்பார். சாப்பிட வந்தவர்கள் வைத்த பெயர் தலப்பாக்கட்டி. கடைக்காரர் தான் வைத்த பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்காமல், வாடிக்கையாளர் வாயில் இருந்த பெயரை எடுத்துக்கொண்டது தொழில் அறிவு. பாசுமதிக்குப் போகாமல் சீரக சம்பாவில் நின்றதும் அப்படித்தான். பிற்காலத்தில் அந்தப் பெயரையே ஆளாளுக்குப் போட்டுக்கொள்ள, உரிமை கேட்டுக் கோர்ட் வரை வழக்கு போனது. பெயருக்கே அவ்வளவு மதிப்பு வந்துவிட்டது.

விளம்பரம் என்பது செய்து முடித்த சரக்கைப் பற்றிப் பேசுவது. மார்க்கெட்டிங் சரக்கு செய்வதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. யாருக்கு, என்ன ருசியில், எந்த விலையில், எந்த வழியாகப் போகும் என்று யோசித்துச் சரக்கையே மாற்றுவது. எதிர்ப்பக்கத்துக்குத் திண்டுக்கல் பூட்டைப் பாருங்கள். கைவேலை, திறக்க முடியாத உறுதி, பழமொழி மாதிரி ஆகிவிட்ட பெயர், 2019-ல் புவிசார் குறியீடு வேற. பேருக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் அலிகாரிலிருந்து மெஷின் பூட்டு விலை குறைவாக வந்து இறங்கியபோது, வாங்குகிறவனுக்கு இப்போது என்ன பூட்டு வேண்டும் என்று கேட்க ஒருத்தரும் இல்லை. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. பேர் மட்டும் வைத்துக்கொண்டு அரிசி வாங்க முடியாது.

மூன்றும் சேர்ந்து ஒரே இடத்தில் நடந்ததும் நம்ம பக்கம்தான். சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம், 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் ஆரம்பித்தது. 1959-ல் அங்கிருந்து ஆத்தூர் ஒன்றியத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு வேலை தொடங்கியது. அன்றைக்கு ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு 43 பிறப்பு. 1968-ல் அது 28 ஆகக் குறைந்தது. அந்தக் காலத்தில் இதைக் கேள்விப்பட்டு வெளிநாட்டு ஆட்களெல்லாம் வந்து பார்த்தார்கள். அவர்கள் மைக் வைத்துக் கத்தவில்லை. ஊரில் யார் பேச்சு எடுபடும் என்று முதலில் விசாரித்து, அந்த ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் வாயாலேயே பேச வைத்தார்கள். பதியன் முறை. கூடவே தாய்சேய் நல வேலை, மருத்துவ வசதி எல்லாம் கிட்டத்தில் கொண்டுவந்தார்கள். அது மார்க்கெட்டிங். சொல்லை மட்டும் பரப்பாமல் சொன்னதைச் செய்துகொள்ள வழியும் காட்டியதால்தான் பலித்தது என்பது என் எண்ணம்.

டெல்லி சர்க்கார் சிவப்பு முக்கோணத்தைக் கொண்டு வந்ததும் அந்தச் சமயம்தான். எழுத்துத் தெரியாதவனுக்கும் புரியும் இன்னொரு சின்னம். 1968-ல் நிரோத் வந்தபோது அதை ஊர் ஊராகக் கொண்டு சேர்க்க சர்க்காரிடம் ஆள் இல்லை. யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? டீத்தூள், சோப்பு, சிகரெட், பேட்டரி விற்கிற கம்பெனிகளிடம். புரூக் பாண்டும் லிப்டனும் இந்துஸ்தான் லீவரும் போகாத பெட்டிக்கடை கிடையாதே. மூணு 15 பைசாவுக்கு விற்றார்கள். சும்மா கொடுத்தால் மதிக்க மாட்டார்கள், விலை வைத்தால்தான் சரக்கு என்று தோன்றும் என்ற கணக்கு. வணிகக் கம்பெனியின் வழியில் பொதுக்காரியம். இப்போது இதற்கு ‘சமூக மார்க்கெட்டிங்’ என்று பாடப்புத்தகத்தில் பெயர்.

அதே திட்டம் நெருக்கடி நிலைக் காலத்தில் எங்கே போய் நின்றது என்பதும் தெரிந்ததுதான். 1976-77 ஒரே வருஷத்தில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கு மேல் அறுவை சிகிச்சை. வடக்கே ஆட்களைப் பிடித்து ஏற்றினார்கள். ஆத்தூரில் பத்து வருஷம் உட்கார்ந்து பேசிப் பெற்ற சம்மதத்தை, அங்கே பத்து நிமிஷத்தில் போலீஸை வைத்து வாங்கினார்கள். அதைப் பிரச்சாரம் என்றுகூடச் சொல்லக் கூடாது. பிரச்சாரத்துக்குக் குறைந்தபட்சம் கேட்கிறவன் மனசு வேண்டும்.

விவசாயத்துக்கு வந்த கதையும் இப்படித்தான். 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 நெல்லைத் திருச்சி வானொலி தஞ்சாவூர் விவசாயிகளிடம் கொண்டு போய்ச் சேர்த்தது. சனங்கள் அதற்கு வைத்த பெயரே ‘ரேடியோ நெல்’. அது சர்க்கார் பிரச்சாரம்தான். ஆனால் 105 நாளில் களத்துமேட்டில் உண்மை தெரிந்துவிடும் பிரச்சாரம். அளந்து பார்த்து நம்பினார்கள். அதோடு சேர்ந்து வந்த உரத்துக்கு அந்த வசதி கிடையாது. உரம் போட்ட வருஷம் மகசூல் தெரியும், மண் என்ன ஆச்சு என்பது இருபது வருஷம் கழித்துத்தான் தெரியும். முதலில் கிராம சேவக் வந்து சொன்னது பிரச்சாரம். பழகின பிறகு கம்பெனிக்காரன் சுவரில் எழுதியது விளம்பரம். சர்க்கார் போட்ட பதியனில் கம்பெனி பூப்பறித்தது. எதையும் நம்புவதற்கு முன்னால், எத்தனை நாளில் இதைச் சரிபார்க்க முடியும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஆரம்பத்தில் ஒரு காரணம் சொல்கிறேன் என்றேனே, அது ஒட்டன்சத்திரத்தில் இருக்கிறது. அந்தக் காய்கறி மார்க்கெட்டை நம்பித்தான் நம்ம ஜில்லாவில் பாதித் தோட்டம் ஓடுகிறது. சரக்கில் பெரும்பகுதி போவது கேரளாவுக்கு. 2015-ல், தமிழ்நாட்டுக் காய்கறியில் பூச்சிமருந்து எச்சம் அளவுக்கு மீறி இருக்கிறது என்று கேரள உணவுப் பாதுகாப்புத் துறை கிளப்பியது. அங்கே பத்திரிகை, டிவி எல்லாம் அதே பேச்சு. வீட்டு மொட்டைமாடியில் காய் போடுங்கள் என்று ஊக்கம் வேற. தமிழ்நாட்டுத் தரப்பில் வேளாண் பல்கலைக்கழகப் பரிசோதனையைக் காட்டி மறுத்தார்கள். இந்தப் பக்கம் மார்க்கெட்டில் எல்லார் வாயிலும் ஒரே வார்த்தை: “பொய்ப் பிரச்சாரம்.”

அதில் பிரச்சாரம் இருந்தது, மறுக்கவில்லை. எல்லாத் தக்காளியையும் ஒரே கூடையில் போட்டு விஷம் என்றது அநியாயம். ஆனால் பூச்சிமருந்துக் கடைக்காரர் சொன்ன அளவுக்கு மேலே ரெண்டு மூடி சேர்த்து ஊற்றுகிற பழக்கம் நம்ம பக்கம் இல்லை என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. பறிப்புக்கு முந்தின நாள் அடிக்கிறதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பிரச்சாரத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் உள்ளே ஒரு சேதி இருந்தது. வாங்குகிறவன் மருந்தில்லாத காய் கேட்கிறான், அதற்குக் கூட விலை கொடுக்கவும் தயாராக இருக்கிறான். பிரியாணிக்கடைக்காரர் காதில் விழுந்திருந்தால் அது பெயராகியிருக்கும், விலையாகியிருக்கும். நம்ம மார்க்கெட்டில் அது வெறும் கோபமாகப் போய்விட்டது. பரிசோதித்த சரக்கு என்று தனியாகப் பிரித்து அனுப்ப ஒரு சங்கமும் முன்வரவில்லை என்று சொன்னால் சிலர் கோபிப்பார்கள். சிறிய அளவில் முயன்றவர்கள் இருக்கலாம், ஏலத்தில் அதற்குத் தனி விலை விழுந்ததை நான் பார்த்ததில்லை.

1999-ல் மதுரையில் தொடங்கின உழவர் சந்தை இதில் பாதித் தூரம் வந்தது. இடைத்தரகர் இல்லாமல் நாமே தராசு பிடிக்கலாம். கத்தரிக்காய் நாலு கூடைக்கு அது சரி. நானூறு பெட்டித் தக்காளிக்கு ஒட்டன்சத்திரம்தான் கதி. அங்கே விலை விழுந்தால் ரோட்டோரம் கொட்டுகிறோம். டிவிக்காரன் வந்து அதைப் படம் பிடித்துப் போடுகிறான். அதுவும் ஒரு விளம்பரம்தான், யாருக்கென்றுதான் தெரியவில்லை.

ஓணத்துக்கு முந்தின வாரம் ஒட்டன்சத்திரம் போய்ப் பாருங்கள். கேரளா லாரி வரிசை கட்டி நிற்கும். பெட்டி மேல் மையில் எழுதியிருக்கும், கமிஷன் கடைப் பெயர் இருக்கும், அவர்கள் குறியீட்டு எழுத்து இருக்கும். எந்த ஊர், எந்தத் தோட்டத்துத் தக்காளி என்று எங்கேயும் இருக்காது.